பதினாலாவது பதிவுக்கு ஆட்சேபணை இல்லை

சார், நீங்க கையெழுத்துப் போட்டா தமிழ்ல போடுவீங்களா, இங்கிலீஷ்லயா? சும்மாதான் கேட்டேன். எதுல போட்டாலும் செல்லும். சட்டைப்பையில பேனா இருக்கேன்னு பார்த்தேன், அதான். இப்பல்லாம் பஸ்ல பேனா வச்சிருக்கிற ஆளைப் பார்க்கிறதே அபூர்வம்.

இல்ல, இந்த ஃபைல் மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா மடங்கிரும். உள்ள ஒரே ஒரு தாள்தான். ஒரு அம்மாகிட்ட கைரேகை வாங்கிட்டு வர்றேன். ரேகைன்னா கீழ ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும், இல்லாட்டி அது வெறும் மைக்கறை. அதைத்தான் உங்ககிட்ட கேக்கப் போறேன். ஆனா விஷயம் தெரியாம யாரும் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. முப்பத்து மூணு வருஷம் தாலுகா ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன். டவுன் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

என் பேரு நாகலிங்கம். ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆகுது. நான் ஒரு பிளாக் வச்சிருக்கேன் சார். இன்டர்நெட்ல நாமளே எழுதிப் போடுற பக்கம். 'நாகலிங்கம் பக்கங்கள்'னு பேரு. அந்த மாதிரி பக்கங்கள்ல விளம்பரம் போடுறதுக்குன்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இருக்கு. பேரு வேண்டாம், நம்ம விஷயம் அவங்க பரிசீலனையில இருக்கு. நாம விண்ணப்பம் போடணும். அவங்க நம்ம பக்கத்தைப் பார்ப்பாங்க. தகுதின்னு பட்டா அப்ரூவல். அப்புறம் நம்ம எழுத்துக்கு நடுவுல பல்பொடி, இன்சூரன்ஸ், வரன் பார்க்கிறதுன்னு விளம்பரமா வரும். அதுக்கு ஏதோ காசும் தருவாங்களாம். காசு பெரிசில்லை சார், எனக்குப் பென்ஷன் வருது. எனக்கு வேண்டியது அந்த அப்ரூவல்.

ஏன்னா, நான் எழுதின எதையும் யாரும் படிக்காம விட்டது கிடையாது. ஆபீஸ்ல நான் ரெண்டு வரி எழுதினா நாலு ஊர்ல நாலு பேரு தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பான். கல்யாண வீட்டுக்குப் போனா எந்திரிச்சு நாற்காலி தருவாங்க. ரிட்டையர் ஆன மறுநாள் ஆபீஸ் வழியா போனேன். என் சீட்டுல உட்கார்ந்திருந்த பொண்ணு நிமிர்ந்து பார்க்காமலே, 'மனு கொடுக்கிறவங்க திங்கட்கிழமை வாங்க'ன்னுச்சு. தப்பில்ல, நான் சொல்லிக் கொடுத்த பழக்கந்தான். இருந்தாலும் மனசுல தச்சிருச்சு. நம்ம எழுத்துக்கு மதிப்பு இருக்குன்னு ஒரு ஆபீஸ், எந்த ஊரு ஆபீஸா இருந்தாலும் சரி, எழுத்து மூலமா சொல்லணும். அவ்வளவுதான் என் ஆசை.

எங்க தெருமுனையில ஜெயசீலன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காரு. ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட் எல்லாம் பார்க்கிறவரு. அவர்தான் பிளாக் தொடங்கிக் கொடுத்து, விண்ணப்பமும் போட்டாரு. 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்கணும்னாரு. நான் பணியில் சேர்ந்த நாள், பதவி உயர்வு, பெற்ற ஊதிய விகிதம், ஓய்வு பெற்ற நாள், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஜெயசீலன், 'அண்ணே, இது சர்வீஸ் ரிஜிஸ்டர் மாதிரி இருக்கே'ன்னாரு. பிறகு வேற எதைச் சொல்றது என்னைப் பத்தி?

முதல்ல சுக்கு, மிளகு, திப்பிலி பயன்கள், விரத நாட்கள், வாஸ்துன்னு நூத்திப்பத்து பதிவு போட்டேன். எல்லாம் பேப்பர்ல வந்தது, போன்ல வந்தது, நானே உட்கார்ந்து தட்டச்சு பண்ணினது. ரெண்டு வாரத்துல மெயில் வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. நமக்கு டிராஃப்டிங் இங்கிலீஷ் பழக்கம்தான், ஆனா அவங்க இங்கிலீஷ் வேற மாதிரி. ஜெயசீலன் படிச்சுச் சொன்னாரு: இதெல்லாம் வேற இடத்துலயும் இருக்காம், உங்க சொந்தச் சரக்கு இல்லையாம். சுக்கைப் பத்தி நான் எழுதினா மட்டும் சுக்கு வேற மாதிரியாவா இருக்கும்?

விடல. பதில் எழுதினேன். 'பொருள்: பிளாக் விளம்பர அனுமதி கோருதல், தொடர்பாக. பார்வை: தங்கள் மின்னஞ்சல்'னு தேதி போட்டு, ஏழு பத்தி. அனுப்பின உடனே திரும்பி வந்துருச்சு. இந்த முகவரிக்கு வர்ற கடிதங்களை யாரும் படிக்கிறதில்லைன்னு போட்டிருந்துச்சாம். முதல் நினைவூட்டு அனுப்பினேன். ரெண்டாவது நினைவூட்டு அனுப்பினேன். அதுவும் அப்படியே. எனக்குக் கோவம் வரல சார், பொறாமையா இருந்துச்சு. மனுவே வாங்காத ஒரு ஆபீஸ். எங்களுக்கெல்லாம் அந்த வசதி இருந்ததில்ல, ஜன்னல் வழியா கையை விட்டாவது கொடுத்துட்டுப் போயிருவாங்க.

சுக்கையெல்லாம் அழிச்சிட்டு, நானே சொந்தமா ஒழுக்கம், நேரந்தவறாமை, சேமிப்புன்னு கட்டுரை எழுதினேன். மறுபடி விண்ணப்பம். மறுபடி மெயில். இந்தத் தடவை 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்'னு இருந்துச்சு. ஜெயசீலன் சத்தமாப் படிச்சிட்டாரு, கடையில நாலு பேரு இருந்தாங்க. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. என் வீட்டுக்காரி கோமதி ரசத்தை ஊத்திக்கிட்டே, 'எதுக்கு மதிப்புக் குறைவுன்னு காரணம் போட்டிருக்காங்களா?'ன்னு கேட்டா. இல்லைன்னேன். 'நீங்க மட்டும் போடுவீங்களாக்கும்'னா. அவ அப்பப்ப இப்படி சம்பந்தமில்லாம ஏதாவது பேசுவா, நான் கண்டுக்கிறதில்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும், டிராஃப்டிங் பிரமாதம். எங்கயும் 'நிராகரிக்கப்படுகிறது'ங்கிற வார்த்தையே கிடையாது. சரி செஞ்சுட்டு மறுபடி அனுப்புங்கன்னுதான் இருக்கும். படிச்சவுடனே தொழில் தெரிஞ்ச ஆளுன்னு புரிஞ்சுக்கிட்டேன். நானும் என் சர்வீஸ்ல ஒரு மனுவைக்கூட நிராகரிச்சதில்ல சார், சத்தியமா. பதினோரு வருஷம் முதியோர், விதவை உதவித்தொகை செக்‌ஷன்ல இருந்தேன். ஒண்ணுகூட நிராகரிக்கல. திருப்பித்தான் அனுப்புவேன். நிராகரிச்சா அவங்க மேல அப்பீல் போவாங்க, மேல இருக்கிறவரு விளக்கம் கேப்பாரு, நாலு பக்கம் பதில் எழுதணும். குறையைச் சுட்டிக்காட்டித் திருப்பிட்டா யாரும் எதுவும் கேக்க முடியாது. அவங்களுக்கும் நம்பிக்கை போகாது, நமக்கும் மேஜை சுத்தமா இருக்கும்.

சொந்தச் சரக்கு வேணும்னாங்கல்ல. என்கிட்ட மட்டும் இருந்து, உலகத்துல வேற யாருகிட்டயும் இல்லாதது எதுன்னு யோசிச்சேன். மனுக்கள். யார் யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, என்ன குறை, எத்தனை தடவை திருப்பினேன், எல்லாம் ஒரு குறிப்பு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதை வச்சு 'மனு எழுதுவது எப்படி'ன்னு தொடர் ஆரம்பிச்சேன். ஒரு பதிவுக்கு ஒரு மனுதாரர். பேரு, கணவர் பேரு, கதவு எண், ஊரு, ரேஷன் கார்டு நம்பர், செஞ்ச தப்பு, கத்துக்க வேண்டிய பாடம். விலாசம் எதுக்குன்னு ஜெயசீலன் கேட்டாரு. விலாசம் இல்லாட்டி அது மொட்டைக் கடுதாசின்னேன்.

நாப்பத்தியோரு பதிவு போட்டேன். முன்னாடி ஒரு நாளைக்கு மூணு பேரு வருவாங்க, மூணும் நான்தான். இப்ப இருநூறு, முந்நூறு. கீழ கருத்து வேற வர ஆரம்பிச்சிருச்சு. 'நீயெல்லாம் மனுஷனா'ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு. திட்டினாலும் அது ஒரு வருகைதான்னு ஜெயசீலன் சொன்னாரு. எல்லாருக்கும் 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது'ன்னு பதில் போட்டேன்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? கண்டக்டர் இங்கதான் வர்றாரு. சரி.

பதினாலாவது பதிவு பஞ்சவர்ணம்ங்கிற அம்மாவைப் பத்தினது. ரெண்டாயிரத்து ஒண்ணுல மனு கொடுத்தவங்க. வீட்டுக்காரர் காளிமுத்து கேரளாவுல கல்லு வெட்டுற குழியில வேலை பார்த்தவரு, அங்கயே இறந்துட்டாரு. இறப்புச் சான்று அந்த ஊரு பஞ்சாயத்துல கொடுத்தது, முழுக்க மலையாளம். இந்தம்மா அதை அப்படியே கொண்டு வந்து விதவை உதவித்தொகை மனுவோட வச்சிருந்தாங்க. நான் மலையாளத்தைக் கண்டேனா? மொழிபெயர்ப்பு வேணும்னு திருப்பினேன். கொண்டு வந்தாங்க, டீக்கடை நடத்துற மலையாளத்துக்காரர் ஒருத்தர் நோட்டுத் தாள்ல எழுதிக் கொடுத்தது. டீக்கடைக்காரர் என்ன அத்தாட்சி அலுவலரா? திருப்பினேன். அப்புறம் ஒரு ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட வந்துச்சு, முத்திரை தெளிவா விழல. திருப்பினேன். முத்திரை தெளிவா வர்றதுக்குள்ள வருமானச் சான்று ஆறு மாசம் தாண்டிப் பழசாயிருச்சு. நாலு தடவை. அதுக்கு மேல அந்தம்மா மனு வரல. பதிவுக்கு நான் வச்ச தலைப்பு: 'அலட்சியமான மனுதாரருக்கு ஓர் உதாரணம்'.

இதுக்குக் கீழ ஒரு கருத்து வந்துச்சு. 'இந்தப் பஞ்சவர்ணம் என் அம்மா. நாலு தடவை இல்லை, ஒன்பது தடவை. தவமணி.' அவ்வளவுதான், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. நான் உடனே நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலுதான். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மிச்ச அஞ்சு ஜன்னல்லயே வச்சுப் பார்த்துட்டுக் கையோட திருப்பினதா இருக்கும், பதிவேட்டுல ஏறியிருக்காது. பதிவேட்டுல ஏறாததை எப்படிக் கணக்குல எடுக்கிறது? அப்படியே பதில் போட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணு பதில் போடல.

பத்து நாள் கழிச்சு கம்பெனி மெயில். ஜெயசீலன் படிக்கும்போதே எந்திரிச்சு நின்னுட்டாரு. மத்த எல்லாம் சரியாம் சார். நாப்பத்தியோரு பதிவும் சொந்தச் சரக்குதான்னு ஆயிருச்சு. ஒரே ஒரு பக்கத்து மேல மட்டும் புகார் வந்திருக்கு, தனி நபர் விவரம் வெளியிட்டதா. பதினாலாவது பதிவு. அதைச் சரி பண்ணிட்டு மறுபடி பரிசீலனைக்கு அனுப்பச் சொல்லியிருந்தாங்க. யாரு புகார் பண்ணியிருப்பான்னு உங்களுக்கே தெரியும்.

ஜெயசீலன், 'பேரையும் விலாசத்தையும் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது அண்ணே, அஞ்சு நிமிஷம்'னாரு. கோமதியும் அதையேதான் சொன்னா. எனக்கு அது முடியாது சார். எழுதினதை எழுதின பிறகு திருத்துறது ஆவணத்தைத் திருத்துற மாதிரி. முப்பத்து மூணு வருஷத்துல ஒரு எழுத்தை அடிச்சு எழுதினவன் இல்ல நான். அதுக்குப் பதிலா, சம்பந்தப்பட்டவங்களே எழுத்து மூலமா ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டா பிரச்சினை தீர்ந்துச்சு. 'பஞ்சவர்ணம் ஆகிய நான் முழு மனதுடன்'னு ஆரம்பிச்சு ஒரு தாள் தயார் பண்ணினேன். மைப்பெட்டியும் எடுத்துக்கிட்டேன். விலாசம் நம்மகிட்டதான் இருக்கே. விலாசம் போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு பாருங்க.

இன்னிக்குக் காலையில கிளம்பினேன், ரெண்டு பஸ். புளியங்குளத்துல இறங்கி பஞ்சவர்ணம்னு கேட்டா, தையல்கடை தவமணியோட அம்மாவான்னு காட்டிட்டாங்க. ரோட்டு மேலயே கடை. அந்தப் பொண்ணுக்கு நாப்பது வயசு இருக்கும், கழுத்துல டேப் தொங்குது. நான் பேரைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாம ஒரு நிமிஷம் என்னையப் பார்த்துச்சு. அப்புறம், 'உட்காருங்க சார்'னு ஸ்டூலைத் தள்ளி விட்டுச்சு. சண்டை போடும்னு எதிர்பார்த்துத்தான் போனேன். போடல.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தச்சு முடிச்சுருச்சு. அப்புறம் கேட்டுச்சு.

'பேரு போட்டதைக்கூட விடுங்க. தலைப்பு என்ன சார் வச்சிருந்தீங்க?'

சொன்னேன்.

'எங்கம்மா அலட்சியமா இருந்துச்சா?'

'இல்லம்மா, மொழிபெயர்ப்பு இல்லாம சான்று வைக்கிறது நடைமுறைப்படி அலட்சியம்தான்.'

'ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு சார். காட்டுல கரிமூட்டம் போடுற வேலை. ஒம்போதாவது தடவை வந்துட்டு, இனிமே முடியாதுன்னு என்னையப் பத்தாவதோட நிறுத்தித் தையலுக்கு அனுப்புச்சு. நான் நல்லாப் படிப்பேன்.'

இதைச் சொல்லும்போது குரல் ஒண்ணும் மாறல. ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொல்லுச்சு. எனக்குத்தான் உட்கார்ந்திருக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. 'தையல் நல்ல தொழில்தானே'ன்னேன். அது வேண்டாத வார்த்தைன்னு சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது.

'ஒம்போதாவது தடவை என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?'

எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஒரு நாளைக்கு அறுபது பேரு வருவாங்க.

'இன்னும் ஒரே ஒரு பேப்பர்தாம்மா, அது வந்தா ஆயிரும்னு சொன்னீங்க. என்ன பேப்பர்னு சொல்லல. பின்னாடி நின்னவங்க தள்ளி விட்டுட்டாங்களாம்.'

அது நான் எல்லாருக்கும் சொல்றதுதான் சார். மணி அஞ்சாகும்போது கூட்டத்தைக் கலைக்கணும்ல. கேக்க ஆறுதலாவும் இருக்கும். ஆனா அந்தப் பொண்ணு சொன்னது வேற. 'அறுபது தாண்டிருச்சு, முதியோர் தொகைக்குப் புதுசா ஒரு மனு போடுவோம்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். ஆன்லைன்லயே போடலாம். கேக்க மாட்டேங்குது. பழைய மனு ஐயாகிட்ட உள்ள இருக்கு, புதுசு போட்டா அது கெட்டுப் போகும்ங்குது. இருபது வருஷத்துக்கு மேல இதையே சொல்லுது.'

நான் ஃபைலைத் திறந்து தாள் மடங்கலையான்னு பார்த்துக்கிட்டேன்.

'நீங்க கேக்கிற கையெழுத்தை நான் தர முடியாது. அது அம்மா விஷயம். இப்ப வந்துரும், அதுகிட்டயே கேளுங்க. அது சரின்னா நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். டீ சாப்பிடுவீங்கல்ல?'

அப்படிச் சொல்லிட்டுத் தூக்கு எடுத்துக்கிட்டு எதுத்தாப்புல டீக்கடைக்குப் போயிருச்சு. புகார் கொடுத்தவங்க வீட்டுல டீ குடிக்கிறது முறையான்னு ஒரு யோசனை ஓடுச்சு. அதுக்குள்ள அந்தம்மா வந்துட்டாங்க.

தலையில ஒரு சின்ன விறகுக் கட்டு. என்னையப் பார்த்த உடனே கட்டைக் கீழ போட்டுட்டு, செருப்பை வாசல்லயே கழட்டிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. அவங்க சொந்தக் கடை சார் அது. நான் உட்கார்ந்திருக்கேன், அவங்க நிக்கிறாங்க. உட்காருங்கம்மான்னு ரெண்டு தடவை சொன்னேன், உட்காரல.

'ஐயாதானே நீங்க? முடி கொட்டிருச்சு.'

'தெரியுதாம்மா?'

'தெரியாம இருக்குமாய்யா. ஒம்போது தடவ பார்த்த முகமாச்சே.' கொஞ்சம் கிட்ட வந்து, ரகசியம் கேக்கிற மாதிரி கேட்டாங்க. 'ஆர்டர் வந்துருச்சாங்கய்யா?'

நான் தாளை எடுத்தேன். விளக்கிச் சொல்லணும்னுதான் எடுத்தேன், நம்புங்க. பிளாக்குன்னா என்ன, விளம்பரம்னா என்ன, எதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு வேணும், எல்லாம் வரிசையா மனசுல வச்சிருந்தேன். தாளைப் பார்த்த உடனே அந்தம்மா கையை முந்தானையில அழுத்தித் துடைச்சுட்டு, பெருவிரலை நீட்டிட்டாங்க. எங்கன்னு மட்டும் கேட்டாங்க. என்னன்னு கேக்கல. நான் மைப்பெட்டியைத் திறந்தேன். வச்சுட்டாங்க.

ரேகை பிரமாதமா விழுந்திருக்கு சார். இந்தா பாருங்க, ஒரு கோடு அழியல.

வச்சுட்டு, 'இதுதானாய்யா அந்த ஒத்தப் பேப்பர்?'னு கேட்டாங்க. 'இத்தனை வருசம் கழிச்சும் எம் மனுவ மறக்காம நீங்களே தேடி வந்துட்டீங்களே. இவ சொல்லுவா, அந்த ஆளு அன்னைக்கே குப்பையில போட்டிருப்பாருன்னு. நான் சொல்லுவேன், இல்லடி, ஐயா ஒரு நாளும் முடியாதுன்னு சொன்னதே இல்லைன்னு. புள்ள குட்டியோட நல்லா இருக்கணும் சாமி நீங்க.'

அப்புறம், எப்ப வந்து பார்க்கட்டும்னு கேட்டாங்க.

நான் சொன்னேன் சார், 'பத்தாம் தேதிக்கு மேல வந்து பாருங்க'ன்னு.

யோசிச்சுச் சொல்லல. நான் ரிட்டையர் ஆகி எட்டு வருஷம். அந்த ஆபீஸ்ல எனக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. யாராவது எப்ப வரட்டும்னு கேட்டா என் வாயில பத்தாம் தேதிக்கு மேலன்னு வரும், அவ்வளவுதான். சரிங்கய்யான்னு சொல்லிட்டு, விறகை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயிட்டாங்க. நடையில ஒரு வேகம். அந்தப் பொண்ணு டீ கொண்டு வந்துச்சு. அம்மா சரின்னுட்டாங்களான்னு கேட்டுச்சு. ரேகையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துச்சு. 'படிச்சுக் காட்டினீங்களா?'ன்னுச்சு. ஆமான்னேன். டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

அந்தத் தாள்தான் இது. கீழ சாட்சின்னு இடம் விட்டிருக்கேன். அங்க கேட்டிருக்கலாம், டீக்கடையில நாலு பேரு இருந்தாங்க. கேக்கத் தோணல, சீக்கிரம் பஸ் ஏறினாப் போதும்னு இருந்துச்சு. நீங்க பேரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். சாயங்காலம் ஜெயசீலன்கிட்டக் கொடுத்தா ஸ்கேன் பண்ணி அனுப்பிருவாரு. ரெண்டு வாரத்துல அப்ரூவல்.

என்ன சொல்றீங்க? அந்தம்மா ரேகை வச்சதை நீங்க பார்க்கலையா. சரிதான். படிச்சுக் காட்டாம வாங்கின ரேகை செல்லுமா. நியாயமான கேள்வி சார். நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டுத் திருப்பியிருப்பேன். வற்புறுத்தல, பேனாவை வச்சுக்கோங்க.

போன் பண்ணி உண்மையைச் சொல்லிரலாமேங்கிறீங்க. பண்ணலாம். கடை போர்டுலயே நம்பர் இருந்துச்சு, குறிச்சு வச்சிருக்கேன். ஆனா எடுக்கிறது அந்தப் பொண்ணு. என்ன சொல்றது, உங்கம்மா மனு என்கிட்ட இல்ல, எங்கயுமே இல்ல, கிழிச்சாச்சுன்னா? பத்து வருஷத்துக்கு மேல ஆன ஃபைல் எல்லாம் கிழிக்கிறதுதான் விதி. கிழிச்ச கமிட்டியில நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கேன். இல்லைன்னு ஒரு ஆளு முகத்தைப் பார்த்து நான் சொன்னதே கிடையாது சார். எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல. அப்ரூவல் போயிருமேன்னு பயப்படுறேன்னு நினைக்காதீங்க. அதுவும் ஒரு பயம்தான், இல்லைங்கல. ஆனா நான் போன் பண்ணாம இருக்கிறது அதுக்காக இல்ல.

அந்தம்மா வந்துருவாங்க. பத்துக்கு மேலன்னா பதினொண்ணா, பன்னெண்டான்னு தெரியாது. ரெண்டு பஸ் மாறி வந்து ஜன்னல்ல நின்னு ஐயாவைக் கேப்பாங்க. அந்தச் சீட்டுல இருக்கிற பொண்ணு நிமிர்ந்து பார்க்காது. அதனால பதினொண்ணாம் தேதியில இருந்து நான் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கலாம்னு இருக்கேன், அவங்க உள்ள போறதுக்கு முன்னாடி பிடிச்சிரணும். எத்தனை நாள் நிக்கணுமோ தெரியல. கையில புதுசா ஒரு மனு எழுதி எடுத்துட்டுப் போயிருவேன். முதியோர் உதவித்தொகை. இதுதாம்மா உங்க பழைய மனு, இதுல ஒரு ரேகை வைங்கன்னா வச்சிருவாங்க. ஒரு பொய்தான். பரவாயில்ல.

உங்ககிட்டப் பேசிக்கிட்டே மனசுக்குள்ள அதைத்தான் எழுதிக்கிட்டு வர்றேன். பதினோரு வருஷம் குறை கண்டுபிடிச்சவனுக்குக் குறையில்லாம ஒரு மனு எழுதத் தெரியாதா? பேரு, வயசு, விலாசம், இணைப்பு ஒண்ணு, இணைப்பு ரெண்டு, காளிமுத்துவோட சான்று, அதுக்கு முறையான மொழிபெயர்ப்பு, முத்திரை. எல்லாம் போட்டாச்சு. ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சும் பார்த்துட்டேன். எங்க கை வச்சாலும் ஒரு குறை இருக்கு. நான் அந்தச் சீட்டுல இருந்தா, இதையும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன் சார்.